வேளாண் பிரிவு மட்டமா?

திருவண்ணாமலைப் பக்கம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் டீக்கடை வரை கேட்கும் பேச்சு இது: மேல்நிலையில் வேளாண் பிரிவு என்பது மார்க் எடுக்காத பிள்ளைகளை ஒதுக்கிவிடும் இடம். இதற்கு முட்டுக்கொடுக்க மூன்று வாதங்கள் சொல்கிறார்கள். மூன்றும் நிற்காது.

"அப்பனே உழுகிறான், பிள்ளைக்கு வாத்தியார் என்ன சொல்லித்தரப் போகிறார்?" என்பது முதலாவது. பதில் இந்த மாவட்டத்து மணிலா (நிலக்கடலை) கொல்லையிலேயே இருக்கிறது. பூ உதிர்ந்தபின் விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து இலையிலிருந்து இறங்கி வராது. வளரும் காயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து அதை நேராக உறிஞ்சியாக வேண்டும். அதனால்தான் இறவை மணிலாவுக்கு 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். அது தவறினால் மேலே செடி பச்சைப்பசேலென்று நிற்கும்; பிடுங்கிப் பார்த்தால் பொக்கு. யூரியாவை இன்னொரு கை வீசித் தீர்க்கிற குறையல்ல அது. காரணம் தெரிந்த பையன், விழுது இறங்கிய கொல்லைக்குள் களைக்கொட்டோடு போகவும் மாட்டான். இந்த 'ஏன்' என்பதற்குத்தான் வகுப்பு.

"பள்ளிக்கு நிலம் இல்லை, பசுமைக்குடில் இல்லை" என்பது அடுத்தது. அமெரிக்காவில் பள்ளி வேளாண் கல்விக்கு நிதி தந்த 1917ஆம் ஆண்டுச் சட்டமே, வருடத்தில் ஆறு மாதமாவது மேற்பார்வையோடு செய்முறைப் பயிற்சி வேண்டும் என்றது. அது பள்ளிப் பண்ணையிலும் நடக்கலாம், வேறு பண்ணையிலும் நடக்கலாம் என்று விட்டுவிட்டது. நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டிலேயே கால் காணியாவது உண்டு. அதில் ஒரு மூலையை மாணவன் பொறுப்பில் விட்டு, விதை முதல் விற்பனை வரை கணக்கெழுதச் சொல்லி, ஆசிரியர் வந்து பார்த்தால் போதும். நல்ல வேளாண் பிரிவு என்று நான் சொல்வது இதைத்தான். ரெக்கார்டு நோட்டில் கலப்பைப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்குவதை அல்ல.

"படித்து என்ன ஆகப் போகிறது?" இதற்கு நீண்ட பதில் வேண்டாம். மேல்நிலை வேளாண் பிரிவு ஒரு தொழிற்பிரிவு; வேளாண் பல்கலைச் சேர்க்கையில் தொழிற்பிரிவு மாணவருக்குத் தனி இடஒதுக்கீடு உண்டு. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீதமும் உண்டு. அரசு வேளாண் கல்லூரிக்காகக் கோயம்புத்தூர் வரை போக வேண்டியதும் இல்லை; நம் மாவட்டத்து வாழவச்சனூரிலேயே இருக்கிறது.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல் பிரிவையே மூடிய பள்ளிகள் தமிழகத்தில் உண்டு. ஆள் போடாமல் விட்டுவிட்டு, பிள்ளைகள் மக்கு என்பது என்ன நியாயம்? சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் பசுமைக்குடிலைத் தேட வேண்டாம். வேளாண் ஆசிரியர் பணியில் இருக்கிறாரா, எங்கள் கொல்லைக்கு வருவாரா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.