யார் உள்ளூர்?

"கல்லூரி ஹாக்கி அணியில் வெளிமாநிலப் பையன்களைச் சேர்க்காதே! உள்ளூர்ப் பையன்களுக்கே இடம் கொடு!" என்று நம் பகுதியில் ஒரு மனு சுற்றுகிறது. கையெழுத்துப் போட்டவர்களில் நம்மவர்களும் பலர். பிள்ளைக்கு ஓர் இடம் கிடைக்காதா என்ற ஆசை. அதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் தோழர்களே, கையெழுத்துப் போட்ட தாளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

உள்ளூர் என்றால் யார்? போன வருடம் நம் சாலில் பிறந்த பையன் ஒருவன் செலக்சனுக்குப் போனான். நாமும் கூடப் போயிருந்தோம். தமிழைவிட மராத்தி நன்றாகப் பேசுவான். "சொந்த ஊர் எது?" என்று கேட்டார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். சாலின் பெயரைச் சொன்னான். "அதில்லை, அப்பாவின் ஊர்?" திருநெல்வேலி என்றதும் விண்ணப்பம் வேறு கட்டுக்குப் போய்விட்டது. மட்டையைத் தொடக்கூட அவனை விடவில்லை. இப்போது அந்த வேறு கட்டையே கொளுத்திவிடச் சொல்லி நாமே மனுப் போடுகிறோம்!

1960-களின் பிற்பகுதியில் இதே பம்பாயில் 'மண்ணின் மைந்தர்' கோஷம் எழுந்தபோது கல்லடி பட்டவை யாருடைய ஓட்டல்கள்? பெரியவர்களைக் கேளுங்கள்.

புனே கட்கியில் ஆயுதத் தொழிற்சாலை மைதானப் பணியாளரின் மகன் தன்ராஜ் பிள்ளை. தமிழ்க் குடும்பம். உடைந்த மட்டைகளை வைத்துக்கொண்டு ஆடப் பழகியவர். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக், 1998-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் தலைவராகத் தங்கம். அவரை எந்தக் கட்டில் வைப்பீர்கள்? பிலாஸ்பூரில் பிறந்து காரக்பூர் ரயில்வே மைதானத்தில் ஹாக்கிக்கு வந்த லெஸ்லி கிளாடியஸ் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அவர் எந்த ஊர்க்காரர்? நம் ரயில்வேயில் அப்பன் ஊர் கேட்டு ஆள் சேர்த்திருந்தால் பாதி அணி பிளாட்பாரத்திலேயே நின்றிருக்கும்.

திலீப் திர்க்கியைத் தந்த ஒடிசாவின் சுந்தர்கரிலிருந்து இன்று ஓர் ஆதிவாசிப் பையன் இங்கே விடுதிக்கு வருகிறான் என்றால், நம் அப்பன்மார் வந்ததுபோல டிரங்குப் பெட்டியோடுதான் வருகிறான். அவனா நமக்கு எதிரி?

கல்லூரியும் யோக்கியம் இல்லை. தயாரான ஆட்டக்காரனை வெளியிலிருந்து கொண்டுவந்து கேடயம் வாங்குவார்கள். பக்கத்துச் சால் பையனுக்கு மைதானத்தின் கேட்டைத் திறக்க மாட்டார்கள். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்தரைக்குப் போயிற்று. அதுவரை ஏழு தங்கம் வாங்கிய இந்தியா அங்கே ஏழாம் இடத்தில் நின்றது. தேசத்துக்கே அந்தக் கதி என்றால், சந்துச் சிமெண்டில் ரப்பர் பந்து அடிக்கும் நம் பையன் அந்தத் தரையில் எப்படி ஆடுவான்? தோற்றபின் 'திறமை போதாது' என்கிறார்கள். அவனை உள்ளே விட்டால்தானே திறமை தெரியும்!

ஆகவே சங்கம் வேறு மனு எழுதியிருக்கிறது. காலை இரண்டு மணி நேரம் மைதானம் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும். பழைய மட்டைகளைக் கொடுக்க வேண்டும். செலக்சனில் அப்பன் ஊரைக் கேட்கக் கூடாது. பழைய தாளில் கையெழுத்துப் போட்டவர்களும் ஞாயிறு காலை சங்கத்துக்கு வந்து இதில் போடலாம். பையன்களையும் கூட்டி வாருங்கள், கல்லூரி வாசல்வரை நடந்தே போவோம்.