கணினி இருந்தால் கோட்பாடு வேண்டாமா?

அதிவேகக் கணினியும் காற்றுச் சுரங்கமும் இருக்கும்போது, விமானக் கட்டமைப்பிலும் பாய்ம இயக்கத்திலும் கோட்பாட்டு ஆய்வுக்கு ஏன் செலவிட வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வியே பிழையானது; கணினிக்கு என்ன கணக்கிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே கோட்பாடுதான்.

பாகுத்தன்மையே இல்லாத பாய்மம் என்று கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் தலாம்பேர் கணக்கிட்டார். சீராக நகரும் பொருளுக்கு இழுவையே இல்லை என்று, நடைமுறைக்கு நேர்மாறாக, விடை வந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் நீடித்த அந்தப் புதிரை 1904இல், ஹைடல்பர்க் கணித மாநாட்டில், லுட்விக் பிராண்ட்டில் அவிழ்த்தார். பாகுத்தன்மையின் விளைவு பெரிதும் பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்துக்குள் அடங்குகிறது என்றார். இன்று கணினிக் கணக்கீட்டுக்கான புள்ளிவலையை இறக்கைப் பரப்பருகே நெருக்கமாகப் பின்னுவது அந்த அறிவால்தான். கொந்தளிப்பை அப்படியே கணக்கிடலாமே என்பார்கள். ஓட்டத்தில் நிலைம விசைக்கும் பாகு விசைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண் பத்து மடங்கானால், அப்படிக் கணக்கிடத் தேவையான வலைப்புள்ளிகள் ஏறத்தாழ 180 மடங்காகும். முழு விமானத்துக்கு அது இன்றும் எட்டாத வேலை. அதனால் மாதிரிச் சமன்பாடுகள் தேவை; அவற்றை யார் எழுதுவது?

காற்றுச் சுரங்கமும் தனித்து நிற்காது. சிறிய மாதிரியில் அளந்ததைப் பெரிய விமானத்துக்குப் பொருத்த ஒப்புமை விதிகள் வேண்டும். இறக்கையின் வளைவும் முறுக்கமும் காற்றோட்டத்தோடு கைகோத்து அதை முறிக்கும் 'ஃபிளட்டர்' ஆபத்தை, அது தொடங்கும் வேகத்தை முன்கூட்டியே அறிந்து தவிர்க்க வழிகாட்டியது தியோடோர்சன் 1935இல் வெளியிட்ட கோட்பாடு. விமானியைப் பறக்கவிட்டுச் சோதித்தறியும் விஷயமல்ல அது.

கோட்பாட்டு ஆய்வுக்கான நிதியை வெட்டும் யோசனையைக் கைவிடுங்கள்.