தங்கவயலுக்கு வராத வாரன்ட்டி

பொழுது விடியும் முன்பே மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் ஆள் ஏறி, பங்காருப்பேட்டையைத் தாண்டும்போது கால் வைக்க இடமிருக்காது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு, கோலார் தங்கவயலின் பிழைப்பு நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்குப் போய்விட்டது. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே. இந்த ரயிலில் காதில் எதையும் மாட்டாத இளைஞரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இயர்போன் வெறும் பாட்டு கேட்கும் பொழுதுபோக்குப் பொருள்தானே, அது போனால் என்ன என்று பெரியவர்கள் நினைக்கலாம். தேர்வுக்குப் படிக்கிற பெண் வகுப்பைக் கேட்பது அதில்தான். டெலிவரிக்குப் போகிறவர் வாடிக்கையாளரிடம் பேசுவதும், கால்சென்டர் ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதும் அதில்தான். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்பது இந்த ஊர்க் குடும்பங்களுக்குச் சில்லறைக் காசு அல்ல. அந்தப் பணம் ஆண்டுக்கொரு முறை, சில வீடுகளில் இரண்டு முறை, குப்பைக்குப் போகிறது. அதைத் தடுக்க வேண்டிய வாரன்ட்டி பெட்டிக்குள் மடித்த காகிதமாகவே கிடக்கிறது.

இந்தப் பொருள் எப்படிச் சாகிறது என்று பாருங்கள். ஒயர் உள்ளதானால் ஜாக்குக்கு அருகே, வளைந்து வளைந்து உள்ளே செம்பு இழை அறும். முதலில் ஒரு பக்கம் மட்டும் கேட்கும். ஒயரைத் திருகிப் பிடித்தால் இரண்டும் கேட்கும். பிறகு எதுவும் கேட்காது. அந்த இடத்தில் ரப்பரைக் கொஞ்சம் நீளமாக, கெட்டியாகப் போட்டிருந்தால் கூடுதலாகச் சில மாதம் உழைத்திருக்கும். அந்தச் சில்லறைச் செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஒயர் இல்லாததின் கதை இன்னும் மோசம். காதில் செருகும் அந்த மொட்டுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி, செல்போன் பேட்டரியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். இந்த வகைப் பேட்டரிகள் பொதுவாக முன்னூறு முதல் ஐந்நூறு முறை முழுதாக சார்ஜ் ஏறி இறங்கியதும் தளரத் தொடங்கும். தினம் நாலைந்து மணி நேரம் ரயிலில் போட்டுக்கொண்டு போகிறவருக்கு நாளுக்கு ஒரு சார்ஜ் ஆகிறது. கணக்குப் போட்டால், ஓராண்டு வாரன்ட்டி முடியும் சமயத்தில், அல்லது முடிந்து சில மாதங்களில், பேட்டரியும் முடிகிறது. பேட்டரியை மாற்றலாம் என்றால் மூடியை முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், திறக்கும்போதே உடைந்துவிடும் என்றுதான் சொல்வார். செய்யவே முடியாதா என்றால், முடியும். நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம், பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றக்கூடிய இயர்பட்ஸை 2024-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக, ஒட்டி மூடுவதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட இனி வழியில்லை.

சரி, வாரன்ட்டிக்குள்ளேயே பழுதானால்? விற்ற கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்பார். கம்பெனியின் செயலி, படம் எடுத்து அனுப்புங்கள் என்னும். பிறகு பெங்களூரில் ஒரு சர்வீஸ் சென்டரின் முகவரி வரும். அது திறந்திருக்கும் நேரமும், நம் ஆட்கள் அதே பெங்களூரில் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமும் ஒன்றுதான். அரை நாள் லீவு போட்டுப் போனால் கூலி போச்சு. கூரியரில் அனுப்பினால், பல நேரம் போகிற செலவு நம் தலையில். அத்தனையும் தாண்டிப் போய் நின்றால், வியர்வை இறங்கியிருக்கிறது, இது தண்ணீர்ச் சேதம், வாரன்ட்டியில் வராது என்பார்கள். பெட்டியின் மேலோ, ஓடுகிறவர் ஒருவரின் படம் போட்டு, வியர்வை தாங்கும் என்று அச்சடித்திருக்கும்! பேட்டரி தளர்ந்தால் அது இயல்பான தேய்மானம். ஒயர் அறுந்தால் அது உபயோகித்தவர் செய்த சேதம். விதிவிலக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வாரன்ட்டியில் வருவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை.

தூரத்தைக் காரணம் சொல்லவும் முடியாது. இதே ஊருக்கு 1902-லேயே மின்சாரம் வந்தது. காவிரிக்கரையில் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் ஒன்று அது. பூமிக்கு அடியில் தங்கம் இருந்ததால் அத்தனை தூரம் வந்தார்கள். இன்று நம்மிடமிருந்து விற்பனைப் பணத்தை எடுத்துக்கொள்ள டெலிவரி வேன் ஆண்டர்சன்பேட்டை சந்து வரைக்கும் வருகிறது. பழுதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மட்டும் நூறு கிலோமீட்டர் வர மறுக்கிறது. நம் மாவட்டத்திலேயே நரசாபுராவில் ஐபோன் தயாராகிறது. அதே மாவட்டத்தில் ஓர் இயர்போன் பழுது பார்க்க வழியில்லை என்பது வெட்கக்கேடு.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47), நிறைவேற்றுவதற்கு நியாயமான வாய்ப்பே இல்லாத வாரன்ட்டியை அறிவிப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. சரியாகச் சோதித்துப் பார்க்காமல் இத்தனை நாள் உழைக்கும் என்று உறுதி சொல்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள். பழைய சட்டத்தில் இல்லாத ஒரு வசதியும் உண்டு. கம்பெனி டெல்லியில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தங்கவயல்காரருக்குக் கோலார் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

ஆனாலும் ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? இந்தச் சலிப்பைத்தான் கம்பெனிகள் முதலாக வைத்து வியாபாரம் செய்கின்றன. ஆகவே அரசு தானாக முன்வர வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தபோது விவசாயக் கருவிகள், செல்போனும் டேப்லெட்டும், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. எந்தப் பொருளை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் திட்டமும் ஸ்மார்ட்போன், டேப்லெட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஹெட்போன் இந்தச் சல்லடையில் நழுவிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, சாதனத்துக்குள் இருக்கும் சிறு பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்ற விதி, சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயம் என்பதை நாம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

குப்பை என்றால் என்ன என்று தங்கவயலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நூற்றிருபது ஆண்டு தங்கம் எடுத்துக்கொண்டு போனவர்கள் நமக்கு விட்டுப்போனது 13 சயனைடு மேடுகள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய சுமார் 3.3 கோடி டன் கழிவு மண். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் இன்னும் நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தில்தான் விழுகிறது. உலகம் 2022-ல் மட்டும் கொட்டிய மின்கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் உள்ளது கால் பங்குகூட இல்லை. குப்பைத்தொட்டிக்குப் போகிற ஒவ்வொரு இயர்பட்ஸிலும் தீப்பிடிக்கக்கூடிய லித்தியம் இருக்கிறது. லாபம் ஒருவருக்கு, மேடு இன்னொருவருக்கு என்ற பழைய கணக்கு, இந்த முறை ஊர் ஊராகச் சின்னச் சின்ன மேடாக ஏறுகிறது.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பழுது மதிப்பெண் திட்டத்தில் ஹெட்போனைச் சேர்க்க வேண்டும். பேட்டரியின் எதிர்பார்ப்பு ஆயுளையும், மாற்ற ஆகும் செலவையும் பெட்டியின் மேலேயே அச்சடிக்க வேண்டும். பொருளைக் கொண்டுவந்து கொடுத்த பின்கோடுக்கு வந்தே பழுதானதையும் இலவசமாக எடுத்துப்போக வேண்டும். வாரன்ட்டியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நினைத்தால், ஆள் ஆளாக வழக்குப் போடக் காத்திராமல், தானாகவே விசாரணையைத் தொடங்கலாம்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கிய அன்றே பில்லையும் பெட்டியின் வாசகங்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கம்பெனி கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால், இரண்டு ஆண்டுக்குள் கோலார் ஆணையத்தில் மனுப் போடுங்கள். ஒரே ரயிலில் போகும் பத்துப் பேர் பத்து மனுப் போட்டால், சர்வீஸ் சென்டர் தானாகத் தங்கவயலுக்கு ரயில் ஏறும்.