சொர்க்கத்தின் வாசலில் ஒரு வாய்த் தண்ணீர்

மாமல்லபுரம் போகிறவர்கள் அந்தப் பெரிய 'அர்ச்சுனன் தபசு' பாறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். பகீரதன் தான் என்று வைத்துக் கொண்டால், பாறை நடுவில் இருக்கும் பிளவு வழியாக வானுலகத்துக் கங்கை மண்ணுக்கு இறங்கி வருகிறது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் இப்படிச் சொர்க்கத்து நதியைக் கல்லில் செதுக்கினார்கள். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலுக்கு அப்பால் அரேபியாவில் இன்னொரு சொர்க்கம் வசனங்களாகச் சொல்லப்பட்டுக் கொண்டிருந்தது. அங்கேயும் ஆறுகள் தான் ஓடுகின்றன!

இஸ்லாம் சொல்லும் சொர்க்கத்துக்கு அரபியில் 'ஜன்னத்' என்று பெயர். 'தோட்டம்' என்பது தான் அதன் நேர்ப் பொருள். தமிழ் முஸ்லிம்கள் 'சுவனம்', 'சுவர்க்கம்' என்பார்கள். அதன் மிக உயர்ந்த இடம் 'பிர்தவ்ஸ்'. சுவர் சூழ்ந்த தோட்டத்தைக் குறித்த பழைய ஈரானியச் சொல்லில் இருந்து வந்தது அது. ஆங்கிலத்தின் 'பாரடைஸ்' கூட அதே வேரில் முளைத்தது தான். குர்ஆனின் 47-ஆவது அத்தியாயம் தண்ணீர், பால், மது, தேன் என நான்கு வகை ஆறுகளைச் சொல்கிறது. 76-ஆவது அத்தியாயம் அங்கே சுடும் வெயிலும் இல்லை, கடுங்குளிரும் இல்லை என்கிறது.

பாலைவனத்து மனிதனுக்கு நிழலையும் நீரையும் விடப் பெரிய வரம் எது? இதைப் புரிந்து கொள்ள அரேபியா வரை போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஏரிகளுக்குப் பேர் போன மாவட்டம். கொளவாய் ஏரியும் மதுராந்தகம் ஏரியும் இருக்கும் மண். அங்கேயும் கத்திரி வெயிலில் காலிக் குடத்தோடு நின்றவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் இந்தச் சொர்க்கம் இரண்டு விதமான ஆட்களிடம் மாட்டிக் கொண்டு படும் பாடு கொஞ்ச நஞ்சமல்ல. ஒருவர் கேலி பேசுபவர். "எழுபத்திரண்டு கன்னிகள்" என்று சொல்லிச் சிரிப்பதோடு அவருக்கு விஷயம் முடிந்து விடுகிறது. இன்னொருவர், "கொன்று விட்டு வா, சொர்க்கம் காத்திருக்கிறது" என்று இளைஞனின் காதில் ஓதுபவர். இருவரும் எதிரிகள் போலத் தெரிந்தாலும், இருவர் மனதிலும் இருப்பது ஒரே படம் தான்!

குர்ஆனில் சுவனத்துத் துணைகளைப் பற்றிய வசனங்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 72 என்ற எண் குர்ஆனில் இல்லை. அது வருவது ஹதீஸ் நூல்களில். அந்த அறிவிப்புகளின் பலம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நல்லறம் செய்தவர் ஆணோ பெண்ணோ, நம்பிக்கையாளராக இருந்தால் சுவனம் உண்டு என்கிறது 4:124. தோட்டங்களையும் ஆறுகளையும் சொல்லி விட்டு, இறைவனின் திருப்தி அவை எல்லாவற்றையும் விடப் பெரியது என்கிறது 9:72. அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வது போன்றது என்கிறது 5:32. காதில் ஓதுபவர் இவற்றை ஏன் ஓதுவதில்லை?

சரி, அந்த வாசலுக்குள் யார் போகிறார்கள்? ஹதீஸ் நூல்களில் வரும் சம்பவங்களைப் பாருங்கள். தாகத்தில் தவித்த நாய்க்குத் தன் காலணியால் கிணற்று நீரை மொண்டு கொடுத்த விலைமகளின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன. பாதையில் கிடந்த முள் கிளையை அகற்றியவருக்குச் சுவனம் கிடைத்தது. இறந்து போன தாயின் பேரில் எந்தத் தர்மம் சிறந்தது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) சொன்ன பதில் 'தண்ணீர்'. அவர் ஒரு கிணறு வெட்டினார். நாய், முள், கிணறு... இவற்றில் வாள் எங்கே இருக்கிறது?

'ஷஹீத்' என்ற சொல்லும் போர்க்களத்தோடு நின்று விடவில்லை. கொள்ளை நோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர் ஆகியோரும் அந்தப் பட்டியலில் உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் கோவளம். நபித்தோழர் என்று நம்பப்படும் தமீமுல் அன்சாரி (ரலி) தர்கா, கத்தோலிக்கத் தேவாலயம், மீனவர்களின் கோயில்கள் எல்லாம் உள்ள ஊர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரை முழுவதையும் தாக்கியது. அலை யாருடைய மதத்தையும் விசாரிக்கவில்லை.

இங்கே தான் வகுப்புத் தோழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி வருகிறது. "உங்கள் சொர்க்கத்தில் எங்களுக்கு இடம் உண்டா?" ஈமான் என்னும் நம்பிக்கை வேண்டும் என்பதே இஸ்லாமிய மரபின் பொதுவான பதில். அதே மரபில் வந்த இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111), இறைச்செய்தி சரியாகச் சென்று சேராதவர்கள் இறைவனின் கருணைக்கு உரியவர்கள் என்று எழுதினார். தீர்ப்பு மனிதன் கையில் இல்லை. யாருக்கும் சீட்டு கிழித்துக் கொடுக்கும் அதிகாரம் எந்த மேடைக்கும் தரப்படவில்லை.

மனிதன் கையில் இருப்பது வேறொன்று. யாருடைய தொல்லையால் அண்டை வீட்டார் அச்சத்தோடு இருக்கிறாரோ அவர் சுவனத்தில் நுழைய மாட்டார் என்பது நபிமொழி. அந்த அண்டை வீட்டார் எந்த மதம் என்று அதில் இல்லை. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) தம் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று தான் திரும்பத் திரும்பக் கேட்டார். கொரோனா காலத்தில், சொந்தங்களே நெருங்கத் தயங்கிய உடல்களை, மத பேதம் பாராமல் தமிழ்நாட்டில் முஸ்லிம் இளைஞர்கள் அடக்கம் செய்தார்கள். அவர்கள் புரிந்து கொண்ட சொர்க்கம் இது தான்.

எனவே ஒருவரின் சொர்க்கம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமா? அவரிடம் கேட்க வேண்டாம். அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்!