விற்பனைக்கு நிற்கும் காரும் கோடை விடுமுறைப் பிள்ளைகளும்

1) குழந்தைகள் இருக்கிற வீடு. கோடை விடுமுறை. வாசலில் விற்பனைக்கு நிற்கிற பழைய கார். இந்த மூன்றும் உங்க வீட்டில் ஒண்ணா இருந்தா இந்த த்ரெட் உங்களுக்குத்தான். காரை என்ன விலைக்குத் தள்ளலாம்னு சொல்லப் போறதில்லை. அது எனக்கே இன்னும் பிடிபடலை 😅 கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2) முன்கதை சுருக்கமா. என் தம்பி ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்ட்ல வாங்கின சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, பின்னாடி பேருக்கு ஒரு சீட். தம்பி வேலைக்கு வெளிநாடு போயிட்டான். "அண்ணா, நீயே வித்துக் கொடுத்துடு"ன்னு சாவியைக் கொடுத்துட்டான். நான் அரசு மருத்துவமனை டியூட்டி முடிச்சு வந்து ஸ்கூட்டரை நிறுத்துறதே அது பக்கத்துலதான்.

3) ஸ்போர்ட்ஸ் காரை விக்கிறது சாதாரண காரை விக்கிற மாதிரி இல்லை. வாங்க வர்றவங்க குறைவு, பார்க்க வர்றவங்க அதிகம். "சார் லாஸ்ட் எவ்ளோ?"ன்னு போன்ல கேட்டுட்டு காணாம போறவங்க, செல்ஃபி எடுக்க வர்ற காலேஜ் பசங்க, "மைலேஜ் எவ்வளவு தம்பி தரும்?"னு அப்பாகிட்ட அக்கறையா விசாரிக்கிற எதிர்வீட்டுப் பெரியவர். இதுக்கெல்லாம் மேல ஒரு கூட்டம் இருக்கு. தெருவில் இருக்கிற அத்தனை வாண்டுகளும்.

4) பள்ளி லீவு. என் பொண்ணுக்கு ஆறு வயசு, பையனுக்கு நாலு. அவங்க கூட்டாளிகள் ஒரு அஞ்சாறு பேர். அவங்களுக்கு அது கார் இல்லை, ராட்டினம். விடுமுறையில் இப்படி ஒரு பொருள் வாசலில் நின்னா எந்தக் குழந்தையும் உள்ளே ஏறத்தான் பார்க்கும். அதுல குழந்தைகள் மேல தப்பே இல்லை.

5) இப்போ விஷயத்துக்கு வரேன். 2022 ஜூன் மாதம், திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்துல, வீட்டருகே நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன 3 குழந்தைகள் உள்ளேயே சிக்கி இறந்துபோனாங்க. 2025 மே மாதம், ஆந்திராவில் விஜயநகரம் பக்கத்துல துவாரபூடி கிராமத்தில் இதே மாதிரி 4 குழந்தைகள். மொத்தம் 7 உயிர். ஓடாத காரில்.

6) வெயில் காலத்துக்கான அரசு அறிவுரைகளில் "நிறுத்தியிருக்கும் வாகனத்தில் குழந்தைகளை விட்டுச் செல்லாதீர்கள்"னு ஒரு வரி இருக்கும். நல்ல வரி, அவசியமானது. ஆனா பணகுடியிலும் துவாரபூடியிலும் குழந்தைகளை யாரும் காரில் விட்டுட்டுப் போகலை. அவங்களே ஏறினாங்க. அந்த அறிவுரையைப் படிக்கிற அப்பா அம்மா "நான்லாம் புள்ளைய கார்ல விட்டுட்டுப் போக மாட்டேன்"னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாங்க. அதனால அந்த வரிக்குப் பக்கத்துல இன்னொரு வரி வேணும்ங்கிறது என் கருத்து. "நிறுத்தியிருக்கும் காரை எப்போதும் பூட்டி வையுங்கள், சாவியைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்."

7) அமெரிக்காவில் இதுக்கு 1998லிருந்து கணக்கு வச்சிருக்காங்க. காருக்குள் வெப்பத்தால் இதுவரை 1000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருக்காங்க. அதுல ஏறக்குறைய பாதி, பெற்றோரோ பொறுப்பில் இருந்தவரோ குழந்தை பின்சீட்டில் இருக்குன்னு மறந்துபோனதால். சுமார் நாலில் ஒரு பங்கு, குழந்தை தானாகவே ஏறிச் சிக்கினதால். நம்ம ஊரில் வீட்டு வாசலும் தெருவும்தான் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம். அதனால நாம அதிகமா பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது வகைக்குன்னு நான் நினைக்கிறேன்.

8) "கார் அவ்வளவு சூடாகுமா டாக்டர்?" ஆகும். கண்ணாடி வழியா வெயில் உள்ளே வரும். டேஷ்போர்டும் சீட்டும் அதை வாங்கிச் சூடாகி, உள்ளே இருக்கிற காத்தையும் சூடாக்கும். அந்தச் சூடு வெளியே போக வழி இல்லை. 2005ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில், ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெப்பம் சராசரியா 22 டிகிரி செல்சியஸ் ஏறுச்சு. அதுல 80% முதல் அரை மணி நேரத்திலேயே. வெளியே இதமா இருந்த நாளிலும் இதே கதைதான்.

9) அதே ஆய்வில் இன்னொண்ணும் பார்த்தாங்க. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சா சூடு குறையுமா? பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. "ரெண்டு விரக்கடை இறக்கி விட்டிருக்கேன், காத்து வரும்"ங்கிறது வெறும் மன ஆறுதல்தான்.

10) அரிசோனாவில் 2018ல் வந்த ஆய்வையும் சொல்றேன். அந்த ஊர் வெயில் நம்ம அக்னி நட்சத்திரம் மாதிரி. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ன காரில் உள் வெப்பம் சராசரி 47 டிகிரி, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்ன காரிலேயே உள்ளே சுமார் 38. சின்ன கார்கள் பெரிய கார்களை விடச் சீக்கிரம் சூடாச்சு. ஸ்போர்ட்ஸ் காரில் உள்ளே இடம் கம்மி, முன் கண்ணாடி சரிஞ்சு பெருசா இருக்கும், பெரும்பாலும் கறுப்பு சீட்டு. மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

11) குழந்தை உடம்பு பெரியவங்க உடம்போட சின்ன சைஸ் இல்லை. வெப்பத்தைத் தாங்குற விதமே வேற. பெரியவங்களை விட 3லிருந்து 5 மடங்கு வேகமா அவங்க உடல் வெப்பம் ஏறும். உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாற ஆரம்பிச்சா அது ஹீட் ஸ்ட்ரோக். அந்த நிலையில் குழந்தைக்குக் கத்தணும், கதவைத் திறக்கணும்னு தோணாது. சோர்ந்து மயங்கும். வெளியே நிக்கிறவங்களுக்கு "தூங்குது போல"ன்னுதான் தெரியும்.

12) சரி, ஓடுற காரை விட விற்பனைக்கு நிற்கிற கார் ஏன் அதிக ஆபத்து? காரணம் இருக்கு. தினமும் ஓட்டுற காரை ஒருத்தர் தினமும் திறந்து பார்ப்பார். விற்பனைக்கு நிக்கிற காரை யாரும் பார்க்கிறதில்லை. இன்னைக்கு ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போவார், அப்புறம் நாலு நாளைக்கு ஆளே வராது.

13) சாவி கை மாறிக்கிட்டே இருக்கும். பார்ட்டி வந்தா அப்பா எடுப்பார், தண்ணி ஊத்திக் கழுவ வர்ற தம்பி எடுப்பார், மெக்கானிக் எடுப்பார். உள்ளே வாடை போகட்டும்னு கதவைத் திறந்து வைப்பாங்க. கடைசியா பூட்டினது யாருன்னு கேட்டா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பாங்க.

14) ஓடாம நின்னா பேட்டரி இறங்கும். சிலர் டெர்மினலையே கழட்டி வச்சிடுவாங்க. பவர் விண்டோ வேலை செய்யாது, ஹாரன் அடிக்காது. உள்ளே சிக்கின குழந்தைக்கு இருக்கிற இரண்டு வழியும் போச்சு.

15) இரண்டு கதவு கார்னா இன்னும் மோசம். பின்சீட்டில் இருந்து வெளியே வர முன்சீட்டை மடக்கணும். பெரியவங்களுக்கே அது ஒரு வித்தை. நாலு வயசுக் குழந்தை என்ன செய்யும்? பல மாடல்களில் பின்பக்கக் கண்ணாடி இறங்கவே இறங்காது. சில கார்களில் ரிமோட்டில் பூட்டினா உள்ளிருந்து கைப்பிடியை இழுத்தாலும் கதவு திறக்காது. திருட்டைத் தடுக்கச் செஞ்ச ஏற்பாடு அது. நாலு கதவு கார்னா பின்கதவில் சைல்டு லாக் இருக்கும்.

16) கடைசியா கவர். பெயின்ட் மங்கக் கூடாதுன்னு தலையிலிருந்து கால் வரை மூடி வைப்போம். உள்ளே யார் இருக்காங்கன்னு வெளியே தெரியாது. பசங்க கண்ணாமூச்சி விளையாட இதை விட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? இதை நினைச்சாதான் எனக்கு வயித்தைக் கலக்கும்.

17) எங்க வீட்டில் என்ன செய்றோம்னு சொல்றேன். சாவிக்கு ஒரே இடம், பூஜை அலமாரிக்கு மேல் ஆணி. பசங்களுக்கு எட்டாது. எடுக்கிறவங்கதான் பூட்டணும். கவர் போடுறதுக்கு முன்னாடி முன்சீட்டு, பின்சீட்டு, டிக்கி மூணையும் பார்த்துட்டுத்தான் போடணும். இந்த விஷயத்தில் அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட். பார்ட்டி கிளம்பினதும் "பூட்டியாச்சா?"ன்னு உள்ளேருந்து குரல் வந்துடும்.

18) குழந்தைகளைத் திட்டி விரட்டுறதில் பிரயோஜனம் இல்லை. திட்டினா ஒளிஞ்சு ஏறுவாங்க. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நாங்களே கதவு ரெண்டையும் திறந்து வச்சு, பக்கத்துல நின்னு, பத்து நிமிஷம் உட்கார வைக்கிறோம். ஆசை தீர்ந்தா அப்புறம் தனியா போய் ஏறணும்னு தோணுறது குறையும். அப்படியே ஹாரனை எப்படி அழுத்தணும், கதவை எப்படித் திறக்கணும்னும் சொல்லிக் கொடுத்தாச்சு. பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலே ஹாரன் அடிக்கும். உங்க காரில் அடிக்குதான்னு இன்னைக்கே பாருங்க. தெரு கொஞ்சம் அலறும், பரவாயில்லை.

19) பார்ட்டி வந்து வண்டியை எடுக்கும்போது குழந்தைகள் திண்ணையில், ஒரு பெரியவர் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கணும். ஸ்போர்ட்ஸ் காரில் உட்காரும் இடம் தாழ்வு, பின்னாடி பார்வை சரியா தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி நிக்கிற சின்னப் பிள்ளை கண்ணாடியில் தெரியவே தெரியாது. ஓட்டுறவருக்கோ வண்டி புதுசு.

20) பேட்டரிக்காகத் தினமும் இன்ஜினை ஸ்டார்ட் பண்றவங்க, மூடின ஷெட்டுக்குள் பண்ணாதீங்க. வண்டியை வெளியே கொண்டுவந்து பண்ணுங்க. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினோட ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமா ஒட்டிக்கும். தலைவலி, வாந்தி, மயக்கம்னு போய் உயிரையே எடுக்கும்.

21) பெரியவங்களையும் மறக்க வேண்டாம். பார்ட்டியோட ஒரு ரவுண்டு போய் வழியில் கடையில் நிறுத்தி, "அப்பா, அஞ்சு நிமிஷம் உள்ளேயே உட்காருங்க"ன்னு ஏசியை அணைச்சுட்டுப் போற பழக்கம் நம்மகிட்ட உண்டு. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள், நீர் போகக் கொடுக்கிற மாத்திரைகள், வெப்பத்தைச் சமாளிக்கிற உடம்போட திறனைக் குறைக்கும். அவங்களையும் கூடவே இறக்கிக் கூட்டிட்டுப் போங்க.

22) குழந்தையைக் காணோமா? நம்ம ஊரில் முதல்ல கிணறு, குளம், தண்ணித் தொட்டின்னு ஓடுவோம். ஓடணும், அது சரிதான். ஆனா ஒருத்தர் அங்கே ஓடும்போதே இன்னொருத்தர் பக்கத்துல நிக்கிற எல்லா கார்களையும் திறந்து பார்க்கணும். நம்ம கார், பக்கத்து வீட்டு கார், கவர் போட்ட கார், டிக்கி எல்லாம். முதல் சில நிமிஷங்கள்தான் முக்கியம்.

23) உள்ளே குழந்தை இருக்கு, கதவு பூட்டியிருக்கு, சாவி இல்லைன்னா யோசிக்காதீங்க. குழந்தைக்குத் தள்ளி இருக்கிற பக்கக் கண்ணாடியை, அதோட மூலையில் ஓங்கி அடிச்சு உடைங்க. முன் கண்ணாடியை அடிக்காதீங்க, அது விரிசல் விடுமே தவிர லேசில் உடைஞ்சு விழாது. "கண்ணாடி போனா ரேட்டு குறையுமே"ன்னு எண்ணம் வந்தா அதையும் சேர்த்து உடைங்க.

24) வெளியே எடுத்ததும் செய்ய வேண்டியவை:
- 108க்கு ஒருத்தர் போன் பண்ணட்டும்.
- நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழட்டுங்க.
- உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி அல்லது துணியில் சுத்தின ஐஸ் வைங்க.
- ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்திருக்காம உடனே குளிர வைக்க ஆரம்பிங்க. வழியிலும் தொடருங்க.
- மூச்சு இல்லைன்னா, தெரிஞ்சவங்க உடனே சிபிஆர் ஆரம்பிக்கணும்.

25) செய்யக் கூடாதவை:
- மயக்கத்தில் இருக்கிற குழந்தை வாயில் தண்ணி, மோர், சோடா எதுவும் ஊத்தாதீங்க. மூச்சுக்குழாய்க்குள் போயிடும்.
- பாராசிட்டமால் கொடுக்காதீங்க. இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை, அந்த மருந்து இதுக்கு வேலை செய்யாது.
- "முழிச்சுக்கிச்சு, சரியாயிடுச்சு"ன்னு வீட்டிலேயே வச்சுக்காதீங்க. கிட்னி, கல்லீரல் பாதிப்பு அப்புறம் தெரிய வரலாம். மருத்துவமனைக்கு வந்தே ஆகணும்.

26) இந்த மாதிரி செய்தி வந்தா கமென்ட்டில் "பெத்தவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"ன்னு ஒரு கூட்டம் கேட்கும். என்ன பண்ணுவாங்க? சமைச்சுட்டு இருப்பாங்க, வேலைக்குப் போயிருப்பாங்க, மத்தியான வெயிலில் அரை மணி கண் அசந்திருப்பாங்க. பிள்ளைகள் வாசலில் விளையாடுறதுங்கிறது தப்பு இல்லை, அதுதான் நம்ம ஊர் குழந்தைப் பருவம். இருபத்தி நாலு மணி நேரமும் பிள்ளையையே பார்த்துக்கிட்டு இருக்க எந்த அம்மாவாலும் முடியாது. ஒரு காரைப் பூட்டி வைக்க எல்லாராலும் முடியும்.

27) வீட்டுக்காரங்களுக்கு மட்டும் சொல்லலை. பழைய கார் வாங்கி விக்கிற யார்டு, மெக்கானிக் ஷெட், தெருவோரம் மாசக்கணக்கா நிக்கிற ஓட்டை வண்டி எல்லாத்துக்கும் இது பொருந்தும். அந்த வண்டிகளைச் சுத்தியும் குழந்தைகள் விளையாடுறாங்க. அங்கன்வாடியில், தடுப்பூசி நாளில், கிராம சுகாதார செவிலியர் அம்மாக்கள்கிட்ட ஓஆர்எஸ் பத்திச் சொல்லும்போது இதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம். பைசா செலவு இல்லை.

28) கார் இன்னும் விக்கலை. நேத்து ஒருத்தர் சொன்ன விலையைக் கேட்டு அப்பா சிரிச்சே விட்டார். விக்கிறப்போ விக்கட்டும்.

நீங்க இதைப் படிச்சு முடிச்சதும் எழுந்து போய் உங்க வண்டியோட கதவு ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாருங்க, டிக்கியையும் சேர்த்து. அப்புறம் சாவி எங்கே இருக்குன்னு பாருங்க. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பகிருங்க, முக்கியமா தாத்தா பாட்டி இருக்கிற குரூப்பில். லீவுக்குப் பேரப்பிள்ளைகள் போறது அங்கேதான்.