உப்பு தெரியாத வேதியியல் புத்தகம்

பேரன் இந்த வருஷம் ஏழாம் வகுப்பு. சிபிஎஸ்இ பள்ளி, பெயர் வேண்டாம். வேதியியலுக்கென்று ஒரு தனியார் பதிப்பகத்துப் புத்தகத்தை வாங்கச் சொன்னார்கள். வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம், விலையைப் பார்த்தால் தலை சுற்றும். மலிவாகக் கிடைக்கும் என்சிஇஆர்டி புத்தகத்துக்கு என்ன குறை என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். "அதுல விஷயம் கம்மி சார்" என்றார்கள். எந்த ஆசிரியர் படித்துப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டேன். பதில் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து புரட்டினேன். கலவைகளைப் பிரித்தல் பாடம். உப்புத் தண்ணீரைச் சூடாக்கு, தண்ணீர் ஆவியாகும், உப்பு மிஞ்சும். மூன்று வரி, ஒரு படம், முடிந்தது. கடை உப்பைக் கரைத்த தண்ணீருக்கு அது சரி. கடல் தண்ணீரை அப்படி முழுசாக வற்ற வைத்தால் கிடைப்பதை வாயில் வைக்க முடியாது, கசக்கும்.

உப்பளத்தில் காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன். கடல் தண்ணீர் போமே மீட்டரில் 3, 3½ டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி வரும்போது முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரி வாக்கில்தான் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 வந்ததும் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். மெக்னீசியம் உப்புகள் அதில்தான் நிற்கின்றன. அசந்தால் சரக்கு கசக்கும், ஈரக்காற்றில் கசியும். முத்தையாபுரம் பக்கம் உப்பு வாரும் எந்த அம்மாவைக் கேட்டாலும் கசப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்வார். ஒரே தண்ணீரில் கரைந்தவை ஏன் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிகின்றன? இந்தக் கேள்வி ஊரைச் சுற்றி வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறது. புத்தகத்தில் இல்லை.

கார்பனேட் பாடத்தில் தாஜ்மகால் படம் போட்டிருக்கிறார்கள். முத்துக் குளித்த கடற்கரையில், உடைந்த சிப்பி ஒன்றை வினிகரில் போட்டால் குமிழ் விடுமே, அதற்கு ஒரு வரி கிடையாது. முத்து, சங்கு, பளிங்கு எல்லாமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான் என்று பிள்ளை கண்ணால் பார்த்திருப்பான்.

சமச்சீர் கல்வி வழக்கு நினைவிருக்கும். 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை அமல்படுத்தச் சொன்னது. பொதுப் புத்தகம் வந்தால் தரம் போய்விடும் என்று அப்போது வாதாடினார்கள். மாநிலம் முழுக்க ஒரே புத்தகம் என்றால் நம் உப்பளத்துக்கு அதில் இடம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை கையில் இருக்கிற பள்ளி அதை வைத்து என்ன செய்தது? கனமான புத்தகம் என்றால் தரமான புத்தகம் என்று நினைத்துக்கொண்டது.

இது மார்க் விவகாரம் மட்டுமில்லை. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. சல்பர் டை ஆக்சைடு என்ற வார்த்தை அப்போது டீக்கடை வரைக்கும் வந்தது. ஆலை வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் சத்தமாகப் பேசினோம். பேப்பரில் வந்த அளவு அதிகமா, குறைவா என்று எத்தனை பேருக்குச் சொல்லத் தெரிந்தது? எனக்கே பல இடத்தில் தெரியவில்லை. பேரனுக்காவது தெரிய வேண்டாமா?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். புத்தகத்தை வேதியியல் ஆசிரியர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலுள்ள சோதனைகளில் நாலைந்தையாவது செய்து பார்த்த பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும். பேரன் பேத்தி அங்கே படிக்கிறவர்கள் என்னோடு வந்தால் நல்லது. சிப்பியும் வினிகரும் நானே கொண்டு வருகிறேன்.