பயிற்சிக்கு வயது வரம்பு எதற்கு?

இருபது ஆண்டுகள் ஓர் உத்தியோகத்தில் உழைத்து, அதில் ஒரு நிலையையும் கௌரவத்தையும் பெற்று, பின்னர் அந்த ஸ்தாபனம் மூடப்பட்டதாலோ, குடும்பப் பொறுப்புகளால் இடைவிட நேர்ந்ததாலோ, மனம் வேறொரு வித்தையில் சென்று பற்றிக்கொண்டதாலோ, நாற்பது வயதுக்கு மேல் கணினித் துறையில் பிரவேசிக்க விரும்புகிற ஆண்களும் பெண்களும் இன்று நம்மிடையே அபூர்வமானவர்கள் அல்லர். அவர்களுக்கு வகுப்புகளுக்குக் குறைவில்லை, சான்றிதழ்களுக்கும் குறைவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழோடு வேலை கேட்டுச் செல்லும்போது, "அனுபவம் உண்டா?" என்று கேட்கிற நிறுவனங்களே, அவ்வனுபவத்தைப் பெறுவதற்குரிய வாயிலாகிய இன்டர்ன்ஷிப் என்னும் பயிற்சிப் பணியைப் பெரும்பாலும் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கின்றன. பயிற்சிக் காலம் என்பது வாழ்க்கையில் ஒரே முறை, அதுவும் இளமையில் மட்டுமே வாய்க்க வேண்டியது என்ற இந்த வழக்கம் நியாயமும் அன்று, லாபமும் அன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வகுப்பில் ஆசிரியர் கொடுக்கும் கணக்குக்கு விடை உண்டென்பது அவருக்கும் தெரியும், மாணவருக்கும் தெரியும். பணியிடத்திலோ, பலர் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்து, அவர்களுள் சிலர் விலகியும் போய்விட்ட ஒரு பெரிய மென்பொருளின் நடுவே புதிதாய் வந்தவர் நிற்கிறார். அதைத் தம் கணினியில் ஓடச்செய்வதே ஆரம்ப நாட்களின் பிரயத்தனமாகிவிடுகிறது. பிறர் எழுதிய நிரலை வாசிப்பது, எந்த இடத்தில் கைவைக்கலாம், எந்த இடத்தில் வைக்கக் கூடாது என்று தேர்வது, எவ்வளவு நேரம் தாமே முயன்று பார்த்தபின் பிறரைக் கேட்பது என்று நிர்ணயிப்பது ஆகிய இவை எந்தப் பாடத்திட்டத்திலும் அடங்காமல், தெரிந்த ஒருவரின் பக்கத்திலிருந்து செய்து பழகுவதால் மட்டுமே கைவருபவை. இந்த உண்மை இருபது வயதுக்காரருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கும் ஒன்றேயாகும்.

இதனை உணர்ந்து நடத்தப்படும் ஏற்பாடுகளுள் அவுட்ரீச்சி என்பதை நான் முதன்மையாகக் கருதுகிறேன். அமெரிக்காவின் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்னும் லாபநோக்கற்ற அமைப்பின் ஆதரவில் வளர்ந்த இத்திட்டம், தொழில்நுட்பத் துறையில் போதிய இடம் பெறாதவர்களையும், பாரபட்சத்துக்கு ஆளானவர்களையும் முன்னிட்டு, ஆண்டுக்கு இரு முறை பயிற்சிப் பணிகளை அளித்து வந்திருக்கிறது. பயிற்சிக் காலம் மூன்று மாதம், வாரத்துக்கு 30 மணி நேரம், வீட்டிலிருந்தே வேலை, மொத்த உதவித்தொகை 7,000 டாலர். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதொழிய வயதுக்கு மேல் எல்லை கிடையாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டவர்கள் உடனே அமர்த்தப்படுவதில்லை. லினக்ஸ், மோசில்லா, விக்கிமீடியா போன்ற திறமூலத் திட்டங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, சுமார் ஒரு மாத காலம் அதற்கு உண்மையிலேயே உதவுகிற சிறு சிறு வேலைகளைச் செய்துகாட்ட வேண்டும். ஒருவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது பின்னுக்குப் போய், திருத்தம் சொன்னால் கேட்கிறாரா, கேட்டதைச் செய்கிறாரா, தெரியாததைத் தெரியாதென்று சொல்கிறாரா என்பவை அம்மாதத்தில் தாமாகவே விளங்கிவிடுகின்றன.

இத்திட்டத்தின் பூர்வ சரித்திரமும் நாம் சிந்திக்கத் தக்கது. 2006ஆம் ஆண்டில் க்னோம் என்னும் மென்பொருள் திட்டத்தினர், கூகுளின் கோடைக்காலப் பயிற்சிக்குத் தமக்கு வந்த 181 விண்ணப்பங்களைப் பார்த்தபோது அவற்றுள் ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து வந்ததன்று என்பதைக் கண்டனர். பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை என்று முடிவு கட்டி அவர்கள் வாளாவிருந்திருக்கலாம். அவ்வாறின்றி, பெண்களுக்கென்றே தனியாக ஓர் அழைப்பை வெளியிட்டனர், நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர், அறுவர் தேர்வாயினர். அந்த விதையிலிருந்து எழுந்ததே அவுட்ரீச்சி. நடுவயதினர் பயிற்சிப் பணிகளை நாடி வருவதில்லை என்று இன்று சொல்கிறவர்களுக்கு இச்சம்பவத்தைக் காட்டிலும் தெளிவான விடை வேண்டியதில்லை. வராதவர்களுக்கு விருப்பமில்லை என்று தீர்மானிப்பதற்குமுன், அவர்களை அழைத்தோமா என்று கேட்டுக்கொள்வதே விவேகம்.

இனி, அப்பயிற்சிக்குள் நுழைந்தவரின் உள்ளத்தில் நடைபெறுவது யாதெனப் பார்ப்போம். லினக்ஸ் கருநிரலில் ஒரு திருத்தம் செய்ய விரும்புகிறவர் அதனைப் பேட்ச் என்னும் சிறு துண்டாக்கி, அதற்குரிய குழுவின் மின்னஞ்சலுக்கு, யாவரும் காணும்படி அனுப்ப வேண்டும். இடைவெளி தவறியிருக்கிறது என்று ஒருவர் எழுதுவார். காரணத்தை இன்னும் விளக்குக என்று மற்றொருவர் எழுதுவார். திருத்தி இரண்டாம் வடிவத்தை அனுப்பினால், அணுகுமுறையே வேறாயிருக்க வேண்டும் என்று மூன்றாமவர் எழுதுவார். இருபது ஆண்டுகள் பிறருடைய வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வந்த ஒருவருக்கு, தம் மகன் வயதுள்ள ஒருவரிடமிருந்து, உலகமே காணுமிடத்தில் இத்தகைய திருத்தங்களைப் பெறுவது எளிய அனுபவமன்று. மூத்தவருக்குத் தெரியாதென்பதை இளையவர் சொல்லக் கூசுவதும், இளையவரிடம் கேட்க மூத்தவர் கூசுவதும் மரியாதை என்று வளர்ந்துவிட்ட நம் சமூகத்தில் இந்தச் சங்கோசம் இன்னும் ஒரு பங்கு அதிகம். ஆயினும் அதைக் கடந்தவர் பெறுவது ஒரு தொழிலின் நுட்பம் மாத்திரமன்று. தம் மதிப்பு தம் பதவியில் இருந்ததென்று அதுவரை எண்ணியிருந்தவர், பதவி போனபின்னும் கற்கும் சக்தி தம்மிடம் குறையாதிருப்பதைத் தாமே கண்டறிகிறார். இதனையே நான் வளர்ச்சி என்பேன்.

அவுட்ரீச்சியில் பயில்வோர் தம் அனுபவத்தை அவ்வப்போது எழுதி வெளியிட வேண்டும் என்பது விதி. ஆரம்ப வாரங்களிலேயே அவர்களுக்குத் தரப்படும் பொருள், எல்லோரும் தடுமாறுகிறார்கள் என்பது. இடையில் தரப்படும் மற்றொரு பொருள், எதிர்பார்ப்புகளைத் திருத்திக்கொள்வது. தமக்கு விளங்காமற் போனது எது, அதை யாரிடம் எப்படிக் கேட்டறிந்தார், மூன்று மாதத்தில் முடிப்பதாக வகுத்த வேலையில் எவ்வளவு முடிந்தது, மீதி ஏன் நின்றது என்று வெளிப்படையாக எழுதச் செய்வதன்மூலம், அறியாமையை மறைத்து வைக்கும் பழக்கத்தையே வேரோடு களைய முயல்கிறார்கள். பல்லாண்டு அனுபவசாலிகளாக மதிக்கப்பட்டு வந்தவர்களுக்கு இதைவிட அவசியமான சிகிச்சை இல்லை.

நடுவயதினர் கைவீசிக்கொண்டு வெறுமனே வருகிறார்கள் என்று நினைப்பதும் தவறு. வரவுசெலவுக் கணக்கில் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக இரவெல்லாம் விழித்திருந்த கணக்காளருக்கு, மென்பொருள் சோதனையில் வேண்டிய பிடிவாதம் முன்னமே அமைந்திருக்கிறது. ஒரே பாடத்தைப் பலவிதமான பிள்ளைகளுக்குப் பலவிதமாக விளக்கிய ஆசிரியை, பொறியாளர்கள் அலட்சியம் செய்யும் ஆவணங்களைப் பயனுள்ளவையாக எழுதுவார். ஒரு ஷிப்டிலிருந்து மறு ஷிப்டுக்கு நோயாளியின் நிலையைச் சுருக்கமாகவும் பிழையின்றியும் ஒப்படைத்துப் பழகிய செவிலியருக்கு, மருத்துவமனை மென்பொருளில் எந்தக் கட்டம் உயிருக்கு முக்கியம் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த மூலதனம் புதிய துறையின் பாஷையில் மாற்றப்பட்டால்தான் செல்லுபடியாகும். அந்த மாற்றம் நிகழ ஓர் அவகாசமும், பக்கத்தில் ஒரு வழிகாட்டியும் வேண்டும்.

இதற்கு எதிரான வாதங்களை நான் அறியாமலில்லை. நடுவயதினர் மெதுவாகக் கற்பார்கள் என்பர். சிலர் மெதுவாகவே கற்கலாம், ஆனால் மூன்று மாதப் பரீட்சையில் அது தெரிந்துவிடுமாதலால், பரீட்சைக்கே இடம் தராதிருக்க அது காரணமாகாது. எளிய நிரல்களை எழுதச் செயற்கை நுண்ணறிவே வந்துவிட்டபோது புதியவர்கள் எதற்கு என்பர். இயந்திரம் எழுதியதைச் சந்தேகக் கண்ணோடு பார்த்து, இது நடைமுறைக்கு ஒவ்வுமா என்று கேட்பதற்கு உலகானுபவம் உள்ளவர்களே அதிகம் தேவைப்படுவார்கள் என்பது என் பதில். பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயமில்லை என்பதும் மெய்யே. இவற்றுள் கனமான தடை பணந்தான். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் வயோதிகப் பெற்றோரின் மருந்துச் செலவும் உள்ள ஒருவரைச் சம்பளமின்றி மூன்று மாதம் உழைக்கச் சொல்வது, வசதியுள்ளவர்களுக்கு மட்டும் கதவைத் திறப்பதற்கு ஒப்பாகும். ஆகவே உதவித்தொகை என்பது சலுகையன்று. அதுவே இத்திட்டத்தின் அஸ்திவாரம்.

நம் நாட்டுச் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் குறைந்தபட்ச வயதாக 14ஐ வகுத்ததேயன்றி உச்ச வயது எதையும் வகுக்கவில்லை. சுவர் எழுந்தது திட்டங்களிலும் வழக்கத்திலுமே. 2024ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் வெள்ளோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையோடு பெரிய நிறுவனங்களில் பன்னிரண்டு மாதப் பயிற்சியளிக்கும் நல்ல நோக்கத்தோடு வந்தது. ஆயினும் தொடங்கியபோது அது 21 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கே உரியதாயிருந்தது. இளைஞருக்கு வழிசெய்வதை நான் ஆட்சேபிக்கவில்லை; அவர்களுக்கு மட்டுமே வழிசெய்வதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

மாற்றம் அசாத்தியமும் அன்று. 2005இல் மாணவர்களுக்கென்று ஆரம்பித்த கூகுள் சம்மர் ஆஃப் கோட், 2022 முதல் திறமூல மென்பொருளுக்குப் புதியவர்களான, 18 வயது நிரம்பிய எவருக்கும் திறந்துவிடப்பட்டது. தமிழை ஆட்சி மொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர், 40 வயதும் அதற்கு மேலும் ஆன தன் பிரஜைகளுக்கு 2024 மே மாதத்தில் 4,000 வெள்ளி கற்றல் நிதியை வழங்கி, 2025 முதல் அவர்கள் தகுதிபெற்ற முழுநேரப் பாடங்களில் சேர்ந்தால் முன்னைய சராசரி வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரை, படியாகவும் அளிக்கிறது. இந்தியாவிலேயே டாடா குழுமம், இடைவிட்ட பெண்கள் மீண்டும் பணிக்குத் திரும்ப 2008இல் ஒரு தனித் திட்டத்தை வகுத்தது.

ஆதலால் என் கோரிக்கை சுருக்கமானது. அரசின் பயிற்சித் திட்டங்களில் ஒரு பங்கை முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு ஒதுக்க வேண்டும். சென்னையிலும் கோவையிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்கள், பயிற்சிக்கான விளம்பரங்களிலிருந்து தேர்ச்சி பெற்ற ஆண்டைக் கேட்கும் வரியை நீக்கி, செய்துகாட்டிய வேலையைக் கொண்டு ஆளைத் தேர வேண்டும். பயிற்சிக்கு உரிய தொகையையும், பொறுமையுள்ள ஒரு வழிகாட்டியையும் தர வேண்டும். தொழில் மாற எண்ணியிருக்கும் நடுவயது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்னொரு சான்றிதழுக்காகக் காத்திராமல், யாவர்க்கும் திறந்துள்ள ஏதேனும் ஒரு திறமூலத் திட்டத்தில் ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்புங்கள். அதைத் திருத்திச் சொல்கிறவர் உங்களைவிட இளையவராயிருந்தால், நன்றி கூறி மறுபடியும் அனுப்புங்கள்.